குளோன் செய்த குரலில் ஜெர்மன் ஏன் ஒட்டவில்லை, எங்கே கை வைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். செவிலியர் வேலைக்காக ஜெர்மனி போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உங்கள் குரலையே குளோன் செய்து, கேட்டுப் பழகுவதற்கான பாடங்களை அதில் தயாரிக்கிறீர்கள். குரல் அச்சு அசலாக உங்களுடையதாகவே இருக்கிறது, ஆனால் ஜெர்மன் பேசும்போது மட்டும் ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று அங்கே வசிக்கும் தோழி சொல்கிறார், எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தமிழ்க் குரலுக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், அது இன்னும் மோசம். எந்த மென்பொருளுக்கு மாறலாம் என்று கேட்கிறீர்கள். மென்பொருளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: குரலை அப்படியே வைத்துக்கொண்டு உச்சரிப்பை மட்டும் திருத்த முடியுமா, எவ்வளவு தூரம் முடியும்?

நான் ஒலியியல் படித்துவிட்டு, பேச்சுத் தொகுப்பு மென்பொருளில் எழுத்தை ஒலியாக மாற்றும் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஜெர்மன் உச்சரிப்பு அகராதிகளோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் ஜெர்மன் என் தாய்மொழி இல்லை, உங்கள் பதிவையும் நான் கேட்கவில்லை. அதனால் பிழை எந்தெந்த இடங்களில் பிறக்கும், எதை எப்படிச் சோதிப்பது என்று சொல்ல முடியும். உங்கள் பதிவில் இருப்பது இதுதான் என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல முடியாது.

உறுதியான விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். குரல் வேறு, உச்சரிப்பு வேறு. எழுத்தைப் படிக்கும் மென்பொருள் முதலில் எழுத்தை ஒலியன்களாக, அதாவது ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்தும் அடிப்படை ஒலிகளாக, மாற்றுகிறது. பிறகு ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நேரம், எந்தச் சுருதியில் என்று முடிவு செய்கிறது. கடைசியில்தான் அது ஒருவருடைய குரலாக வெளியே வருகிறது. இது பளிச்சென்று தெரிவது இ-ஸ்பீக் என்ற பழைய இலவச மென்பொருளில். பார்வையற்ற நண்பர்கள் பலருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். அதன் குரல் இயந்திரக் குரல்தான், ஆனால் ஒரே குரல் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசும். காரணம், அது ஒருவருடைய பேச்சை வெட்டி ஒட்டுவதை நம்பியில்லை, பெரும்பாலும் ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அந்த மொழிக்கான விதிகளைக் கொடுத்தால் போதும். 1990-களில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் உருவான எம்ப்ரோலா இதற்கு நேர் எதிர். ஒருவர் தன் மொழியில் பேசிய ஒலி இணைகளை வெட்டி ஒட்டும் முறை அது. காதுக்கு மனிதக் குரலுக்கு நெருக்கமாக இருக்கும், ஆனால் அவர் மொழியில் இல்லாத ஒலி அந்தப் பெட்டிக்குள் இருக்கவே இருக்காது. ஆங்கிலம் பேசுபவரின் ஒலிகளை வைத்துக்கொண்டு உதடு குவித்துச் சொல்லும் ஜெர்மன் ஈகாரத்தை உண்டாக்க வழியில்லை, பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவார்கள்.

பேச்சுப் பதிவுகளிலிருந்து தானாகக் கற்கும் இன்றைய நரம்பு வலைக் குரல்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. இல்லாத ஒலியை மற்றவர்களின் பேச்சிலிருந்து கற்று உங்கள் குரலில் உண்டாக்க அவற்றால் முடியும். ஆனால் பயிற்சித் தரவில் பெரும்பாலும் ஒருவர் ஒரு மொழிதான் பேசியிருப்பார். அப்போது எது அந்த ஆளின் குரல், எது அந்த மொழியின் சாயல் என்று மாடலால் பிரிக்க முடிவதில்லை, இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுகிறது. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஆங்கிலம், ஸ்பானிஷ், மாண்டரின் மூன்றையும் வைத்து இதைத்தான் அவிழ்க்கப் பார்த்தார்கள். எழுத்துகளுக்குப் பதில் ஒலியன்களை உள்ளீடாகக் கொடுத்தார்கள். அதோடு, உள்ளே போகும் மொழித் தகவலிலிருந்து ‘இது யார் பேசியது’ என்று ஊகிக்க முடியாதபடி மாடலைப் பயிற்றுவித்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது ஒரு மொழிக்காரரின் குரல் இன்னொரு மொழியைச் சரளமாகப் பேசியது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வால்-இ எக்ஸ் ஆய்வில், எந்த மொழி என்ற அடையாளத்தைக் கூடவே கொடுப்பதால் அந்நிய சாடை குறைவதைக் காட்டினார்கள். ஆக, வழி இருக்கிறது. ஆனால் ஒலியன்களைச் சரியாகக் கொடுப்பதும், இது என்ன மொழி என்று தெளிவாகச் சொல்வதும் அதில் பாதி வேலை. அந்தப் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தது ஏன் மோசமானது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இந்தக் குறுக்கு வழியை முயல்கிறார்கள். ‘தயவுசெய்து’ என்பதற்கான ஜெர்மன் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அதை ‘பிட்டெ’ என்று எழுதுவோம். ஜெர்மனில் அதன் முதல் ஒலி, ‘அம்பு’ என்பதில் வரும் ப. தமிழ் விதிப்படி சொல்லின் முதலில் வரும் ப, ‘பல்’ என்பதில் வருகிற மாதிரிதான் ஒலிக்கும். அப்படியே படித்துவிடுகிறது தமிழ்க் குரல். அடுத்தது ட. ஜெர்மன்காரர் நாக்கு நுனியை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்துச் சொல்வார், நம்முடைய ட-வுக்கு நாக்கு மேலே மடங்கும். மூன்றாவதுதான் திருத்தவே முடியாதது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை ட எழுதினால் அது ‘படம்’ மாதிரி அதிர்ந்துவிடும். அதிராமல் இருக்க ‘ட்ட’ என்று இரட்டித்தே ஆக வேண்டும், இரட்டித்தால் தமிழ்க் குரல் அங்கே அழுத்தி நிற்கும். ஜெர்மன் எழுத்தில் அந்த மெய் இரட்டையாக இருப்பது அதற்கு முந்திய உயிர் குறில் என்று காட்டத்தான், மெய்யை நீட்டச் சொல்லி அல்ல. ஒரே சின்னச் சொல்லில் மூன்று பிழை. இத்தாலியனுக்கோ ஜப்பானியனுக்கோ போனால் இந்த மூன்றாவது சிக்கல் நமக்குச் சாதகமாகவே மாறும், அங்கே இரட்டை மெய்யை நிஜமாகவே நீட்டிச் சொல்ல வேண்டும். ஜெர்மனுக்கு அது ஆகாது.

சரி, இப்போது ஜெர்மன் எழுத்திலேயே கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது மொழி அமைப்பு. மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பாதீர்கள். கை, புஜம், விரல் மூன்றுக்கும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக் கோவைதான். நோயாளி என்ற சொல்லும் அப்படியே. செவிலியர் பாடத்தில் இவை இல்லாத பக்கமே இருக்காது. தனிச் சொல்லாகக் கொடுத்தால் மாடல் ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டு ‘பேஷன்ட்’ என்று படித்துவிடும். ஜெர்மனில் அது கிட்டத்தட்ட ‘பட்சியென்ட்’, அழுத்தம் கடைசி அசையில். மொழியைக் கையால் ஜெர்மன் என்று அமையுங்கள். சொல் பட்டியலாகக் கொடுக்காமல் முழு வாக்கியமாகக் கொடுங்கள். தமிழ் விளக்கத்தையும் ஜெர்மன் வாக்கியத்தையும் ஒரே பத்தியில் கலக்காமல் தனித்தனியாக உருவாக்கிப் பிறகு ஒட்டுங்கள். தோழி சொல்லும் ‘ஏதோ’வில் ஒரு பங்கு இங்கேயே போய்விடலாம்.

அடுத்தது எழுத்திலிருந்து ஒலிக்கு மாறும் இடம். ஜெர்மன் எழுத்துமுறை ஆங்கிலத்தைவிட எவ்வளவோ ஒழுங்கானது, அதனால் பொதுவான விதிகளில் பெரிய சிக்கல் இல்லை. நாள் என்ற சொல் ‘ஜி’ எழுத்தில் முடிந்தாலும் ‘டாக்’ என்றுதான் ஒலிக்க வேண்டும், சொல் முடிவில் அதிர்வொலிகள் அதிர்வை இழந்துவிடும். பன்மையில் பின்னால் ஓர் உயிர் வந்ததும் ‘அங்கே’ என்பதில் வரும் க திரும்பி வந்துவிடும். இதை எல்லா நல்ல மென்பொருளும் செய்துவிடுகிறது. தடுமாறுவது எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருக்கும் இடங்களில். பாதை என்பது ‘வேக்’, நெடில். விலகி, அப்பால் என்பது ‘வெக்’, குறில். எழுத்தில் ஒரே வித்தியாசம், முதலாவது பெயர்ச்சொல் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கும். உரையைச் சுத்தப்படுத்துகிறேன் என்று எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் கருவி ஏதாவது உங்கள் வழியில் இருந்தால், அந்த ஒரே துப்பும் போய்விடும். திங்கட்கிழமைகள் என்ற சொல்லையும், பொருத்துதல் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், படிப்பது வேறு வேறு. கூட்டுச் சொற்களை எங்கே பிரிப்பது என்பது அடுத்த தலைவலி. ‘ஷ்டௌ-பெக்கென்’ என்று பிரித்தால் நீர்த்தேக்கம், ‘ஷ்டௌப்-எக்கென்’ என்று பிரித்தால் தூசி படிந்த மூலைகள். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. மருத்துவச் சொற்கள் பல நீளமான கூட்டுச் சொற்கள் என்பதால் உங்களுக்கு இது அடிக்கடி வரும்.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் மாணவர்கள் மருந்து அளவைக் காதால் கேட்டு எழுதப் போகிறவர்கள். ஜெர்மனில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. 2,5 என்றால் இரண்டரை. 1.000 என்றால் ஆயிரம். ஆங்கில அமைப்பில் இருக்கும் முன்பகுதி, அதாவது எழுத்தை ஒலியாக்கும் பகுதி, இந்த இரண்டையும் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. 21 என்பதை ஜெர்மனில் ‘ஒன்றும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். பாடத்தில் வரும் எந்த எண்ணையும் இலக்கத்தில் விடாதீர்கள், ஜெர்மன் சொற்களில் முழுசாக எழுதிக் கொடுங்கள். மருந்தின் அளவு தவறாகப் படிக்கப்பட்ட பாடம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது.

இந்த வகைப் பிழைகளைத் திருத்தக் கருவி இருக்கிறது. பேச்சுத் தொகுப்புக்கான எஸ்எஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழி 2004-இலிருந்தே தரப்படுத்தப்பட்டது. அதில் ஒரு சொல்லுக்கான ஒலியன்களைப் பன்னாட்டு ஒலியியல் எழுத்தில், அதாவது ஐபிஏ-வில், நேரடியாக எழுதிக் கொடுக்கலாம். 2010-இல் வந்த 1.1 பதிப்பில் வாக்கியத்தின் நடுவே மொழி மாறுவதைக் குறிக்கவும் வழி வந்தது. ஒவ்வொரு முறையும் குறி போட வேண்டாம் என்றால் உச்சரிப்பு அகராதி ஒன்றை ஏற்றலாம், பல சேவைகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் புதிய நரம்பு வலைக் குரல்களில் சில இந்தக் குறிகளை ஏற்பதில்லை, பேசாமல் தள்ளிவிட்டுத் தன் போக்கில் படிக்கும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: ஏதாவது ஒரு சொல்லுக்கு வேண்டுமென்றே முற்றிலும் வேறான ஒலியன்களைக் கொடுங்கள். அது அப்படியே படித்தால் குறி வேலை செய்கிறது. மாறாமல் பழையபடி படித்தால் அந்தச் சேவை உங்களுக்கு உதவாது. மென்பொருள் எது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், பெயரைவிட இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக் கணினியில் ஓட்டுவதானால் பைப்பர் மாதிரியான திறந்த மூலக் கருவிகள் உண்டு. அவை எழுத்தை ஒலியாக்க அதே இ-ஸ்பீக்கின் புதிய வடிவமான இ-ஸ்பீக் என்ஜி-யைப் பயன்படுத்துகின்றன. அதற்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் ஐபிஏ-வில் எழுதியே காட்டும். குரல் வருவதற்கு முன்பே பிழையைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஒலியன்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டாமல் போகும் சந்தர்ப்பம் உண்டு. தோழியால் சுட்டிக்காட்ட முடியாமல் இருப்பது அநேகமாக இந்த அடுக்கில்தான் என்பது என் ஊகம். ஜெர்மன் கூட்டுச் சொல்லில் முதல் பகுதியில்தான் அழுத்தம் விழும். மருத்துவமனை என்ற ‘கிராங்கன்ஹௌஸ்’ சொல்லில் ‘கிராங்’ தூக்கலாகவும் நீளமாகவும் வந்து மற்ற அசைகள் தணிந்து போக வேண்டும். தமிழில் அசைகளுக்கு இடையே அவ்வளவு ஏற்றத்தாழ்வு கிடையாது. தமிழ்ப் பதிவிலிருந்து குளோன் ஆன குரல் எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சம நேரம் கொடுத்துவிடும். இன்னொன்று, உயிரில் தொடங்கும் சொல்லுக்கும் பகுதிக்கும் முன்னால் ஜெர்மன்காரர் தொண்டையில் சின்னதாக ஓர் அடைப்பு வைப்பார். மஞ்சள் கரு உடையாமல் பொரித்த முட்டைக்கான சொல் ‘ஷ்பீகெல்’, ‘ஐ’ என்று இரண்டாக நிற்க வேண்டும். தமிழில் மெய்யின் மேல் உயிர் ஏறிக்கொள்வது இயல்பு என்பதால் நம் குரல் ‘ஷ்பீகெலை’ என்று ஒட்டிவிடும். இந்த அடைப்புக்கு ஐபிஏ-வில் தனிக் குறி இருக்கிறது, பெரும்பாலான தானியங்கி முன்பகுதிகள் சொல்லின் நடுவில் அதைப் போடுவதில்லை. நீங்களே சேர்த்துப் பாருங்கள்.

தோழியைப் பற்றிய அந்த ஊகத்தைத் தவிர, இதுவரை சொன்னவை எனக்கு நிச்சயம் உள்ளவை. இனிச் சொல்வது ஆளுக்கு ஆள், மாடலுக்கு மாடல் மாறும். குளோன் செய்ய நீங்கள் கொடுக்கும் மாதிரிப் பதிவு குரலை மட்டும் கொண்டுபோவதில்லை, பேச்சின் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். தமிழ்ப் பதிவு கொடுத்திருந்தால், அதே நீளத்துக்கு உங்கள் ஜெர்மன் பேச்சைப் பதிவு செய்து கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் இது உதவுகிறது. ஆனால் உங்கள் ஜெர்மனில் தமிழ்ச் சாயல் இருந்தால் அதையும் மாடல் விசுவாசமாகப் பிரதி எடுக்கும். மணிக்கணக்கில் பதிவு செய்து மேல்பயிற்சி கொடுத்தாலும் இதே கதைதான், சாயல் இன்னும் அழுத்தமாகப் பதியும்.

என்னைக் கேட்டால் உங்களுக்குப் பொருத்தமான வழி குரல் மாற்றம். ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பேசியதையோ, நல்ல ஜெர்மன் செயற்கைக் குரல் படித்ததையோ எடுத்து, ஒலிகளையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு குரலின் நிறத்தை மட்டும் உங்களுடையதாக மாற்றுவது. ஆர்விசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திறந்த மூலக் கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அழுத்தமும் தொண்டை அடைப்பும் மூலத்திலிருந்தே வந்துவிடுவதால் பாதித் தொல்லை தீரும். பலவீனம் என்னவென்றால், உங்கள் பதிவில் இல்லாத குவிந்த ஈகாரமும் ஏகாரமும் சில நேரம் மங்கும், ஷ, ஸ போன்ற உரசொலிகளும் கரகரக்கலாம். அப்புறம், மூலமாக ஒரு மனிதரின் பேச்சை எடுப்பதானால் அவரிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டிய வாக்கியங்களுக்கு உங்கள் குரல்தான் வேண்டுமா? விளக்கம் உங்கள் குரலில் தமிழில் வரட்டும், அது அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். மாதிரி வாக்கியங்களை ஜெர்மன்காரர்களின் குரல்களில், ஆண், பெண், வயதானவர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், வார்டில் கேட்கப் போகும் பேச்சுக்கு அவர்கள் காது தயாராகும். ஒரே குரலில் பழகிய காது புதுக் குரலைக் கேட்டதும் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சோதிக்கும் முறை. தோழியிடம் ‘நன்றாக இருக்கிறதா’ என்றோ ‘ஐந்துக்கு எத்தனை மார்க்’ என்றோ கேட்காதீர்கள், நல்ல குரலுக்கு மார்க் விழுந்துவிடும், பிழை மறைந்துவிடும். ஒரே ஓர் ஒலியில் வேறுபடும் சொல் இணைகளைத் தேர்ந்தெடுங்கள்: நாடு, நகரம் என்ற இரண்டும் ஜெர்மனில் ‘ஷ்டாட்’, ‘ஷ்டட்’ என்று நெடில் குறிலில் மட்டும் வேறுபடும். ‘அழுத்து’, ‘அச்சிடு’ என்ற வினைகள் உதடு குவித்த இகரத்திலும் உகரத்திலும் வேறுபடும். ‘ஏற்கெனவே’, ‘அழகான’ என்ற சொற்கள் ஓகாரத்திலும் உதடு குவித்த ஏகாரத்திலும். இவற்றை வரிசை குலைத்து ஒலிக்கவிட்டு, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். விஸ்பர் போன்ற பேச்சறி மென்பொருளிடமும் கொடுக்கலாம், ஆனால் முழு வாக்கியத்தில் அது சூழலை வைத்துப் பிழையை மன்னித்துவிடும், ஆகவே தனிச் சொற்களுக்கும் பொருள் பொருந்தாத வாக்கியங்களுக்கும் மட்டும் அதை நம்புங்கள். தோழி மாற்றி எழுதிய இணைகளின் பட்டியலையும், அந்தச் சொற்களுக்கு இ-ஸ்பீக் என்ஜி காட்டும் ஐபிஏ வடிவத்தையும் இங்கே போட்டால், பிழை ஒலியனிலா, நேரத்திலா, குளோன் செய்த குரலிலா என்று பெரும்பாலும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.